சுவர் தாண்டிய தண்ணீர்

டாக்டரம்மா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் நீலமும் சிவப்புமாய் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கின.

"பாத்தீங்களா? ஃபில்டர் வச்ச முன்தெருவுல வயித்துப்போக்கு குறைஞ்சிருக்கு. வைக்காத பின்தெருவுலயும் அதே அளவு குறைஞ்சிருக்கு. ஃபில்டரால பிரயோஜனம் இல்லன்னுதான் நான் எழுதணும். மாசக் கடைசில கழட்டிட்டுப் போயிடுவாங்க."

"எல்லாருக்கும் போடறதா சொன்னீங்களே, மேடம்?"

"பலன் தெரிஞ்சா போடறோம்னு சொன்னோம்."

ஃபாரம் அக்காவுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதையாயிற்று. கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை.

வெள்ளம் வடிந்து, சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றாகிப் போனபோதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். உள்ளூர் ஆள் கேட்டால்தான் ஜனங்கள் வாய் திறப்பார்கள் என்று அவளை வேலைக்கு வைத்தார்கள். வாராவாரம் வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்பியதில் அவள் பெயரே ஃபாரம் அக்கா ஆனது. எந்தத் தெருவுக்கு ஃபில்டர் என்று எல்லார் முன்னாலும் சீட்டு எடுத்ததும் அவள் கைதான். முன்தெரு வந்தது. அவள் வீடோ பின்தெருவில். "சொந்தத் தெருவுக்கே ஆப்பு வச்ச மகராசி" என்று ஒரு வாரம் கேலி ஓடியது. பின்தெருவுக்குக் கிடைத்ததெல்லாம், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்ற நோட்டீஸ்.

அவள் மகள் வெள்ளத்துக்குப் பிறகு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். இரண்டு தெரு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. நடுவில் மார்பளவுச் சுவர். ஃபில்டர் மாட்டிய மூன்றாம் நாள் காலை, முன்தெருவில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் சுவருக்கு மேல் ஒரு கேனை நீட்டினாள். "பேசாம வாங்குங்க அண்ணி. எங்கண்ணன் பொண்ணுக்கு இல்லாத தண்ணி எனக்கெதுக்கு?" மறுநாள் பக்கத்துச் சுவரிலும் ஒரு கேன். பத்தே நாளில் எல்லாச் சுவரிலும். யாரும் யாரிடமும் இதைப் பேசவில்லை.

ஏழாவது கேள்வி: இந்த வாரம் குடிதண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? பின்தெருப் பெண்கள் ஈரக் கேனை முந்தானையால் மூடிக்கொண்டே, "குழாய்தான்" என்பார்கள். அவளும் 'குழாய்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பாள். முதல் டிக் அவள் வீட்டுக்கு.

அன்று சாயங்காலம் சுவரருகே நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாயைத் திறந்துடாதீங்க அண்ணி. வெளிய குடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. தெரிஞ்சா புடுங்கிட்டுப் போயிடுவாங்க."

"சொல்லலைன்னாலும் புடுங்கத்தான் போறாங்க. நாம சொன்ன பொய்யாலயே."

"சொன்னா உங்க வேலை போகும். ரெண்டு தெருவும் உங்களைக் காட்டிக்குடுத்தவன்னு சொல்லும்."

"சொல்லட்டும்."

"சுலபமா சொல்லிட்டீங்க. நாளைக்கு உங்க பொண்ணுக்கு முடியலைன்னா யாரு வந்து நிப்பா?"

மகள் உள்ளே தம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்மா" என்றாள். மூன்று மாதமாக ஒரு நாள்கூட வயிறு வலி என்று சொல்லாத குழந்தை. டாக்டரம்மாவின் கோடு இறங்கியதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. சுவருக்கு மேலாகக் கேனைத் தூக்கிக் கொடுத்து அந்தக் கோட்டை இறக்கிய கைகள் மட்டும் எந்த ஃபாரத்திலும் இல்லை.

மறுநாள் காலை நாத்தனார் நீட்டிய கேனை வாங்கியவள், வீட்டுக்குள் போகவில்லை. மூடாமல், மறைக்காமல், தெரு நடுவே தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்தெருக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. "ஏய் ஃபாரம், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? உள்ள கொண்டு போடி!" என்றது ஒரு குரல். மற்றவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட அறையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் கேனை வைத்தாள். மேசையில் தண்ணீர் சொட்டியது.

"என்னங்க இது?" என்றார் டாக்டரம்மா.

"ஏழாவது கேள்வி, மேடம். எங்க வீட்டுக்கு மறுபடி கேளுங்க."

டாக்டரம்மா கேனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேனாவை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, பின்தெரு முனையில் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு கேன். இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாள். நின்றாள். முந்தானையை இழுத்து அதன் மேல் போட்டாள், பின் எடுத்தாள்.