டெலிபோன் மைக்

"அழுகைய நிப்பாட்டுட்டி!" என்று கத்திக்கொண்டே வெள்ளத்துரை கிதாரில் ஒட்டியிருந்த டெலிபோன் மைக்கைப் பிய்த்தெடுத்தான்.

கட்டிலில் அவன் அம்மா பிச்சம்மாள் அசையாமல் கிடந்தாள். மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்த மூக்காண்டி மாமா, "அக்கா போயிட்டா, மருமவனே" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமுடியை அவிழ்க்கப் போன தங்கை பேச்சி பாதியில் நின்றாள்.

பாவம், அவளும்தான் எதை நம்புவாள்? போன வாரமும் இப்படித்தான். பஞ்சு ஆடவில்லை, தெருவே கூடி மாரடித்தது. அந்தக் கூப்பாட்டில் கண்ணைத் திறந்த பிச்சம்மாள், "ஏட்டி, யாருட்டி செத்தது?" என்று கேட்டு, சீனி தூக்கலாய்க் காப்பி வாங்கிக் குடித்தாள். இன்றைக்குப் பார்த்து டாக்டர் புளியங்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளத்துரை பாட்டுக் கச்சேரியில் கிதார் வாசிப்பவன். வாசிப்பவன் என்ன, கிதாரைப் பாடாய்ப் படுத்துகிறவன். எவர்சில்வர் தம்ளரைக் கம்பியில் இழுத்தால் காற்று ஊளையிடும். பேட்டரி விசிறியில் நூலைக் கட்டிக் கம்பியில் பட விட்டால் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமே மழையென்று அண்ணாந்து பார்க்கும். பழைய டெலிபோனில் கழற்றிய இந்த மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டினாலோ, நகம் உரசுவதுகூட இடியாய்க் கேட்கும். "ஏலே களவாணிப் பயலே, என் தம்ளரக் கொண்டாலே!" என்று பிச்சம்மாள் விரட்டுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எம்மவன் தம்ளர்ல காத்த வரவழைப்பான்" என்று பீற்றிக்கொள்வதும் அவள்தான்.

மைக்கை அம்மாவின் நெஞ்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். பெட்டியில் சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினான். ஒரே இரைச்சல். அப்புறம் அதற்கு அடியிலிருந்து, தும்... தும்...

"மாமா! கேக்குதா?"

"கேக்குதே! எங்கக்காவா போவா?"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஷம்சாத் பேகம், "யா அல்லா! கண்ணு முழிச்சதும் காப்பி கேப்பாவ. இந்தா போட்டுட்டு வாரேன்" என்று ஓடினாள்.

ஆனால் பஞ்சு ஆடவில்லையே. கால் சில்லிட்டல்லவா கிடக்கிறது. வெள்ளத்துரைக்கு ஒன்றும் ஓடவில்லை. எதை நம்ப, பஞ்சையா, பெட்டியையா? அவன் பதறப் பதற, பெட்டியும் வேகமாய் அடித்தது.

பேச்சி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, வெரல எடுத்துட்டுக் கேளு."

எடுத்தான். வெறும் இரைச்சல். காத்துக் காத்துக் கேட்டான். இரைச்சல்தான். மைக்கைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்து அழுத்தினான். தும்... தும்... தும்... கட்டிலுக்கு ஏது உயிர்? அடித்தது அவன் விரலின் நாடி.

மாமா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பேச்சிக்கு அழக்கூட வரவில்லை. வெள்ளத்துரை மைக்கை மறுபடியும் அம்மாவின் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான்.

ஆவி பறக்கும் தம்ளரோடு ஷம்சாத் பேகம் உள்ளே வந்தாள். பெட்டி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அல்லா காப்பாத்திட்டான். சீனி தூக்கலாப் போட்டிருக்கேன் தம்பி, குடுக்கட்டா?"

"சூடா இருக்கும்க்கா" என்றான் அவன், விரலை எடுக்காமல். "அங்கன வைங்க. ஆறட்டும்."