சமையலறை ஜன்னலில் பூத்தது

பீற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு எந்தச் சந்தையிலும் விலை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டு வாங்க ஆள் இல்லாத சரக்கு அது. சலவைக்கடைக்காரர் மட்டும் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார்: மூன்று வருஷம், ரொக்கமாக, பேரம் பேசாமல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு மஞ்சள் டென்ட்ரோபியம் பூத்தது. ஆர்கிட் வளர்க்கிறவர்களுக்கு அது லேசுப்பட்ட செடி இல்லை. குட்டைத் தண்டும் தோல் மாதிரி இலையுமாக, வருஷம் முழுக்கக் கடன்காரனைப் பார்த்ததுபோல் உம்மென்று உட்கார்ந்திருக்கும். பூத்துவிட்டாலோ, தேன் வாசனையோடு கொத்துக் கொத்தாகப் பொன் தொங்கும். அவருடைய ஆர்கிட் குழுவில் அந்தச் செடியை வாங்கி, கொஞ்சி, கொன்றவர்கள் பாதிப்பேர். பூக்க வைத்தவர் வேறு ஒருவர்கூட இல்லை.

பூத்ததை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்குக் காரணம் நீராவி.

அவருடைய மற்ற செடிகளெல்லாம் கடையின் பின்பக்கத்தில், இஸ்திரி மெஷின்கள் விடுகிற ஆவியில் வளர்ந்தவை. எந்தப் பூவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் குழுவில் ஒரே பாட்டுதான். "ஆவி வளர்க்குது, லாண்ட்ரி சார் வேடிக்கை பாக்குறாரு." பாட்டை எடுத்துக் கொடுப்பவர் பல் டாக்டர். மற்றவர்கள் பின்பாட்டு. சலவைக்கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்காது.

அந்தப் பாட்டை நிறுத்த அவருக்கு ஒரு வழி தெரிந்தது. குழுவில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு வளர்ப்பு உண்டு. ஒரே இனத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே வயதுக் கன்றுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் வளர்ப்பார்கள். இனத்தை முன்மொழிகிறவர் எல்லோருக்கும் போதுமான கன்றுகளோடு வரவேண்டும், வெறுங்கையோடு வந்து வாய்ப்பந்தல் போடக்கூடாது. தன் செடியின் பிள்ளைகள், ஆவியே இல்லாத பன்னிரண்டு வீடுகளில், தான் சொல்லிக்கொடுக்கும் முறையில் வளர்ந்து பூத்துவிட்டால் அப்புறம் எவன் பாடுவான்? தீக்குச்சி முனையில் மகரந்தத்தை எடுத்துப் பூவுக்குள் வைத்தார். காய் முற்றக் காத்திருந்தார். தூசு மாதிரி இருந்த விதையை ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்க வைத்தார். இருபது கன்று தேறியது.

குறுக்கே நின்றது ஒரே ஒரு விதி. குழுவில் யாராவது ஏற்கெனவே பூக்க வைத்த இனம் கூட்டு வளர்ப்புக்கு ஆகாது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டுமாம்.

"அப்ப வாயைத் திறக்காம இருந்தாத்தான் நடக்கும்," என்றார் மனைவியிடம்.

"என்கிட்ட ஏங்க சொல்றீங்க? பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் இறங்கிப் போனப்புறமும் செடிக்கதை பேசுற ஆளு நீங்க."

நியாயமான பேச்சு. ஆகவே மனைவியே காவலுக்கு நியமிக்கப்பட்டாள். குழுவில் அவள் உறுப்பினர் இல்லை. இருந்தாலும் கூட்டத்துக்குக் கூடவே வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் வாய் லேசாகப் பிளந்தால் போதும், அவள் செருப்பு அவர் கால் விரலைத் தேடி வரும். மூன்று வருஷத்தில் இடது சுண்டுவிரல் நகம் ஒன்று அந்தக் காரியத்துக்கே பலியானது.

தேர்வு நாளும் வந்தது. பல் டாக்டரின் ஆஸ்பத்திரி வரவேற்பறையில்தான் கூட்டம். கிராம்பு எண்ணெய் வாசனை, சுவரில் சிரிக்கும் பல்வரிசைப் படம், வாரப் பத்திரிகை கிடந்த மேஜையில் இப்போது கன்றுத் தட்டுகள். தலைமை, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மா. முத்திரை குத்திப் பழகிய கை; எதைச் சொல்லி முடித்தாலும் மேஜையில் ஒரு குத்து விழும்.

தட்டச்சு நிலையம் நடத்துகிறவர் வழக்கம்போல ஃபெலனாப்சிஸ் என்றார்.

"அது ஹோட்டல் வரவேற்பறைச் செடி சார். எங்க வீட்டு நாய்கூடப் பூக்க வைக்கும்," என்றான் டாக்ஸிக்காரன். இவன் சலவைக்கடைக்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. ஃபெலனாப்சிஸைப் பூக்க வைத்தவர்கள் கைதூக்கச் சொன்னதும் அறை முழுக்கக் கை. குத்து விழுந்தது.

கணக்கு வாத்தியார் முன்மொழிந்தது, ஈயைக் கூப்பிடுவதற்காக அழுகல் நாற்றம் விடும் ஒரு இனம்.

"உங்களுக்கு என்ன சார், தனிக்கட்டை. நாங்க குடும்பஸ்தங்க," என்றான் மச்சான். அதுவும் போயிற்று.

மூன்றாவது, பல் டாக்டரின் செருப்புப்பூ. செருப்பு முனை மாதிரி உதடு பருத்த பச்சை ஆர்கிட், வழவழ இலை. நல்ல சரக்குதான், சலவைக்கடைக்காரரே மனதுக்குள் ஒத்துக்கொண்டார். இதுவரை எவரும் பூக்க வைத்ததில்லை. பந்தயத்தில் நின்றது.

கடைசியாகச் சலவைக்கடைக்காரர் தன் தட்டின்மேல் மூடியிருந்த ஈரத்துண்டை எடுத்தார். இருபது கன்றும் வரிசையாக, அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன.

"மஞ்சள் டென்ட்ரோபியமா!" கணக்கு வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க புடிச்சீங்க?"

"ஒரு ஆய்வுக்கூடத்துலேர்ந்து வந்ததுங்க." பொய் இல்லை. உண்மையைக் கொஞ்சம் மடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். மடிப்பதுதானே அவர் தொழில்.

அறையில் சலசலப்பு. வாய் ஊறுவது வெளியில் தெரிந்தது. வாக்கெடுப்பு வைத்தால் யார் பக்கம் விழும் என்று அவருக்கு மட்டுமில்லை, பல் டாக்டருக்கும் தெரிந்துபோயிற்று.

போஸ்ட்மாஸ்டர் அம்மா தொண்டையைச் செருமினார். "இதைப் பூக்க வெச்சவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு தரம்."

சலவைக்கடைக்காரர் சுவரிலிருந்த கடைவாய்ப் பல்லை உற்றுப் பார்த்தார். வாய் பிளக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம். மூன்று வருஷத்தில் ஒரு நிமிஷம் பாக்கி.

"ரெண்டு தரம்."

"யாரும்மா பூக்க வைக்கப் போறா?" பல் டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். "நானே ரெண்டைக் கொன்னுருக்கேன். அதுக்குக் குளிர் வேணும், காயப் போடணும். வீட்ல வளர்க்கறவங்களுக்கே பெப்பே காட்டுது. லாண்ட்ரி சார் கடை ஆவில ஏழு ஜென்மத்துக்கும் பூக்காது. நாளைக்கு ஆவியை நிறுத்திட்டா அவர்கிட்ட ஒரு துளசிகூட நிக்காது, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்கடைக்காரரும் பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டினார். கால் விரலை மடக்கிக்கொண்டு செருப்பை எதிர்பார்த்தார். செருப்பு வரவில்லை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"யாருக்கு நிக்காது?"

மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"ஏம்மா, உக்காரு," என்றார் இவர். முதல்முறையாக இவர் செருப்பு அவள் காலைத் தேடியது. கிடைக்கவில்லை.

"சும்மா இருங்க நீங்க. மூணு வருஷமா இருந்தது போதும். டாக்டரே, யாருக்கு நிக்காது? எங்க வீட்ல பூத்துச்சு. கொத்துக் கொத்தாப் பூத்துச்சு. அடுப்புல வெச்ச பாலைக் கவனிக்காம நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், பால் பொங்கி ஊத்திருச்சு."

"உங்களுக்கு இங்க ஓட்டு இல்லையேம்மா," என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. குத்துவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஓட்டு இல்லீங்க, வாய் இருக்கு. போனும் இருக்கு."

போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஜன்னல் கம்பி, அதில் தொங்கும் மரக்கட்டை, கட்டையைக் கட்டிப்பிடித்த செடி, அதிலிருந்து வழிகிற மஞ்சள். பல் டாக்டர் பல் பார்க்கும்போது மாட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பின்னால கொடியில என்னமோ தொங்குதே?"

"அவரோட பனியன்," என்றவள் அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊரார் துணியையெல்லாம் வெளுக்கிறவரின் பனியனில் ஆறு ஓட்டை. இரண்டில் விரல் விடலாம்.

"அப்ப இது கடை இல்ல," என்றார் டாக்டர் மெதுவாக. "வீடுதான்." கண்ணாடியைக் கழற்றாமலே சலவைக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் இட்டலித்தட்டு அளவுக்குத் தெரிந்தன. "எப்படி சார்?"

இனி மடித்து வைக்க ஒன்றுமில்லை. சலவைக்கடைக்காரர் எழுந்து நின்றார். "குளிர்காலம் வந்ததும் கடையிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு மாசம் தண்ணி ஊத்தல. தண்டு சுருங்கிப்போகும், அப்பவும் ஊத்தக்கூடாது. நம்ம எல்லாரும் அங்கதான் கோட்டை விடுறோம். பாவமேன்னு ஒரு டம்ளர் ஊத்திடறோம். ஊத்துனா இலைதான் வரும், பூ வராது. நானும் ஊத்தப் போனவன்தான். இவ தண்ணிக் குவளையை பீரோல வெச்சுப் பூட்டிட்டா."

"அக்கா!" மச்சான் முகம் தொங்கிப்போயிருந்தது. "கூடப் பொறந்தவன்கிட்டகூடச் சொல்லலியே?"

"உன்கிட்ட சொன்னா டாக்ஸில ஏறுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுரும்டா."

போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் கை கடைசியில் இறங்கியது. குரலில் வருத்தம், குத்தில் வருத்தமில்லை. "விதி விதிதான். பூக்க வெச்சவர் இருக்காரு. மஞ்சள் தள்ளுபடி. செருப்புப்பூ தேர்வு."

தோற்றுப்போனோம் என்று சலவைக்கடைக்காரருக்குத் தெரிந்தது. தெரிந்தும், காது இரண்டும் சூடாகி, சட்டைக்குள் நெஞ்சு ஒரு அளவு பெரிதானது. அறையில் ஒருவரும் அவருடைய கடையைப் பற்றிப் பேசவில்லை. கணக்கு வாத்தியார் "எத்தனை மணி நேர வெயிலு?" என்றார், தட்டச்சு நிலையத்தார் "மரக்கட்டையா தொட்டியா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கறை போகுமா என்பதைத் தவிர.

செருப்புப்பூக் கன்றுகளைப் பிரித்துக் கொடுத்து முடித்ததும் பல் டாக்டர் மஞ்சள் தட்டுப் பக்கம் ஒதுங்கி வந்தார்.

"திட்டத்துல சேராம, தனியா... ஒண்ணு கிடைக்குமா? விலை சொல்லுங்க."

"விலை என்ன டாக்டர், எடுத்துக்குங்க."

"சும்மாவா?" மனைவி குறுக்கே வந்தாள். "ஒரு விலை உண்டு. குளிர்காலம் ரெண்டு மாசம் தண்ணி கிடையாது. உங்களால முடியுமா?"

"முடியும்மா."

"சத்தியமா? பாவம் பாக்க மாட்டீங்களே? போன ரெண்டையும் தண்ணி ஊத்தித்தானே கொன்னீங்க?"

டாக்டர் தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரியே சொன்னார்: "சார் கெட்டிக்காரர். ஆவி இல்ல." சொல்லிவிட்டு, ஒன்று பிழைக்காவிட்டால் என்று இரண்டு கன்று எடுத்துக்கொண்டார். மற்ற பதினொரு பேரும் வரிசையில் நின்று, அதே சத்தியத்தைச் செய்து, ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். மச்சான் மட்டும் இரண்டு தடவை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

திரும்பும்போது வேனில் மனைவி மஞ்சள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான். கெடுத்துட்டேன், இல்ல?"

அவர் கியரை மாற்றினார். மனதுக்குள் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். போனது: வாக்கெடுப்பு ஒன்று, கன்று பதின்மூன்று. வந்தது: செருப்புப்பூக் கன்று ஒன்று, எல்லோர் காதும் கேட்க ஒரு 'கெட்டிக்காரர்'. கையிருப்பு: மஞ்சள் கன்று ஏழு. பாக்கி: மனைவியைத் திட்ட வேண்டியது ஒரு தடவை. அதை வராக்கடனில் எழுதினார்.