பச்சைப் பாதையின் வால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அந்தக் கூட்டம் என்று நினைத்துக்கொள்வேன். கூட்டத்தின் தலைவி என் மனைவி என்பதால் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாரம் முழுக்க ஸ்கூட்டருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மெக்கானிக்குக்கு ஞாயிறன்று மெத்தையில் கிடக்க உரிமை உண்டு என்பது என் கட்சி.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஊருக்கு வெளியே எந்த வரப்பு யாருடையது, எது பொதுவழி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயல்காரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, பேசிச் சம்மதிக்க வைத்து, மூன்று ஓட்டப் பாதைகள் வகுத்தாள். வழியில் கிடக்கிற கற்களில் அவளே வர்ணமும் அடித்தாள். சிவப்பு, நன்றாக ஓடுகிறவர்களுக்கு. கால்வாயைத் தாண்டி மேட்டுச் சோளக்காடு வரை போய்த் திரும்பும். மஞ்சள், பாதி ஓடிப் பாதி நடக்கிறவர்களுக்கு. பச்சை, எல்லோருக்கும். வெங்காய வயலைச் சுற்றி ஒரே வட்டம், மேடு பள்ளம் கிடையாது. நடை பழகுகிற குழந்தைகூடச் சுற்றி வந்துவிடும் என்பாள்.

கூட்டத்தில் அவள் ஒரு சட்டமும் வைத்திருந்தாள். ஒவ்வொரு பாதையிலும் கடைசியாக ஒருவர் போக வேண்டும். அவருக்கு வால் என்று பெயர். வால் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் நின்றால் வாலும் நிற்க வேண்டும். வயல் நடுவில் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

போன மழைக்காலம் முடிந்ததும் அவளுக்குக் கால் தடுக்க ஆரம்பித்தது. முதலில் ஷூவைத் திட்டினோம். புது ஷூ வாங்கினோம். அப்புறம் பாதையைத் திட்டினோம். கடைசியில் நரம்பு டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம்.

"கால்ல ஆரம்பிச்சிருக்கு. போகப் போக மேல ஏறும். வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கும்மா, நிறுத்துறதுக்கு இல்ல," என்றார் டாக்டர். நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமை நான் மஞ்சள்ல போறேன். நீங்க வாலா வாங்க."

"நானா? பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடினதில்லையே!"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன். நல்லா ஓடுறவங்க எனக்காகப் பின்னாடி ஊர்ந்து வந்தா எனக்குக் கூசும்."

அப்படித்தான் நான் வால் ஆனேன். முதல் நாள் பாதி வழியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. தொப்பையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் குந்திவிட்டேன். எனக்காக அவள் நின்றாள். "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அவள் மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கினாள். எனக்கு இரைப்பு நின்றது. அவள் கையில் தடி வந்தது. என் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அவள் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, என் கால்கள் ஓடு ஓடு என்று என்னை நச்சரித்தன. அவள் முதுகுக்குப் பின்னால் அடிமேல் அடி வைத்துக்கொண்டே, முன்னால் ஆளில்லாமல் நீண்டு கிடக்கும் மண்பாதையைப் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். இதைவிடக் கேவலம் உண்டா? அவளிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுப்பதுபோல இருந்தது. நானா கேட்டேன்? திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

கூட்டத்தில் எல்லோரும் தங்கமானவர்கள். சிவப்பு ஓடி முடித்தவர்கள், மஞ்சள் முடித்தவர்கள், எல்லோரும் வியர்வை காய்ந்த பிறகும் எங்களுக்காகக் காத்திருப்பார்கள். "அவசரமே இல்லக்கா, மெதுவா வாங்க," என்று மருந்துக்கடைக்காரர் தூரத்திலிருந்தே கை தட்டுவார். "இவங்க அன்புதாங்க என்னைக் கொல்லுது," என்றாள் அவள் ஒருநாள். மறுவாரம் யாரும் காத்திருக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

நேற்று ஞாயிறு. பாதி வட்டத்தில் பம்புசெட் கொட்டகை இருக்கிறது. அதன் வாசல்படியில் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்கிறேன், விழுந்தாள் என்றும் சொல்லலாம். நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் குடித்தாள். வெங்காயத்தாள் காற்றில் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு சுத்து ஓடிட்டு வாங்க," என்றாள்.

"வால் முந்தக் கூடாது."

"சட்டம் போட்டவ சொல்றேன், ஓடுங்க. உங்க கால் எப்படித் துடிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இதுகூடத் தெரியலன்னா எப்படி?"

திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனாலும் ஓடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. மண் மெத்தென்று இருந்தது, காற்று முகத்தில் அடித்தது, அவள் ஏன் பத்து வருடமாக இதற்காக விடியலில் எழுந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. சுற்றி வந்து அவள் முன்னால் நின்றேன்.

"கையை ஏன் குடம் தூக்குற மாதிரி வச்சிருக்கீங்க? தளர விடுங்க."

"சரி, போலாமா?"

"இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. பாக்க நல்லா இருக்கு."

இரண்டாவது சுற்றில், வயலின் அந்தக் கோடிக்குப் போனதும், அவளுக்குக் கையசைக்கலாம் என்று தலையைத் திருப்பினேன். அவள் தடியை ஊன்றிச் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். பாதி எழுந்தாள். முழங்கால் மடங்கியது. பக்கவாட்டில் சேற்றில் விழுந்தாள். விழுந்ததும் முதலில் அவள் பார்த்தது என்னைத்தான்.

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓடுகிற காலை நிறுத்தவில்லை. என் கால் துடிக்கிறது என்று ஓடச் சொல்லவில்லை, நான் பார்க்காத நேரத்தில் எழுந்து பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறாள். முதல் சுற்றும் அதற்குத்தானா? நான் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக ஓடினேனே, அப்போதும் விழுந்தாளா? பாய்ந்து போய்த் தூக்க வேண்டும் போல இருந்தது. தூக்கினால் நான் பார்த்தது தெரிந்துவிடும். அவள் படிக்குத் தவழ்ந்து போய்ச் சேரட்டும் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

நான் வந்தபோது படியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சேறு. தடி எட்டாத தூரத்தில் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"நல்லா ஓடுறீங்க," என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கையைக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

"இன்னொன்னு ஓடட்டுமா?" என்று நானே கேட்டேன்.

"ஓடுங்க. இந்தத் தடவை தலையைத் திருப்பாம ஓடுங்க. கழுத்து திரும்பினா வேகம் போயிடும்."

தலையைத் திருப்பாமல் ஓடினேன். அந்தக் கோடியில் கண்ணீர் மறைத்து வழி தெரியவில்லை. அப்போதும் நேராகத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.