பாதி மாத்திரை

கேசரிக்காகத் தபீதாள் ஆறாவது முறை கையேந்தியது ஒரு வியாழக்கிழமை.

கேசரி ஒரு பெண்பூனை. இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையோரம் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போக, பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து ஒரு சாக்கடை மூடிமேல் கிடந்தது. பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய தபீதாள் அதைத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்து நான்கு வயதில் இது அவளுக்குப் பத்தொன்பதாவது பூனை.

தெருப் பூனைகளைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதில் இருநூறு பேருக்கு மேல். பூனையைத் தொட்டுத் தூக்குகிறவர்கள் நான்கு பேர், மற்றவர்கள் இதயம் அனுப்புகிறவர்கள். இதயக்காரர்களை ஏளனமாகச் சொல்லிவிடக் கூடாது, அவர்களில் முப்பது பேராவது பணமும் அனுப்புவார்கள். முதலில் பணம் போடுகிறவர் அந்தப் பூனைக்குப் பெயர் வைக்கலாம் என்பது குழுவின் ஏற்பாடு. இதனால் ராஜகீழ்ப்பாக்கத்துத் தோத்தாத்ரி சார் எப்போதும் முந்திக்கொள்வார். ரிட்டயரான மனிதர், சர்க்கரை நோயாளி. டாக்டர் தின்னக் கூடாது என்று சொன்னதையெல்லாம் பூனைகளுக்குப் பெயராக வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அல்வா, ஜாங்கிரி, பாதுஷா, இப்போது கேசரி.

கேசரிக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. எக்ஸ்ரே, ஆபரேஷன், பிளேட், தையல் பிரிந்து மறு தையல் என்று ஆறு வாரம் ஓடிற்று. ஒவ்வொரு தடவையும் போட்டோவும் பில்லும் போட்டுக் குழுவில் கேட்க வேண்டியவள் தபீதாள்தான். அது அவளுக்கு எவ்வளவு கூசியது என்பது யாருக்கும் தெரியாது. புருஷன் போனபின் இரண்டு பிள்ளைகளையும் ஒருத்தர் தயவில்லாமல் கரையேற்றியவள். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் மோர் கேட்டறியாதவள். அப்படிப்பட்டவள் ஒரு பூனைக்காக இருநூறு பேர் முன்னால் ஆறு தடவை நின்றாள்.

ஆறாவது தடவை லோகநாதன் எழுதினார். “இன்னா மேடம், ஒரே பூனைக்கு எத்தினி தபா? இந்தத் துட்டுல பத்துப் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்கலாமே.” கீழே ஒரு கும்பிடு.

லோகநாதன் இரும்புலியூரின் பழைய குடும்பத்துக்காரர். பாட்டன் பயிர் வைத்த நிலத்தில் இன்று அவருக்குப் பதினொரு கடைகள். கேட்டதற்கு அள்ளிக் கொடுக்கிறவர், கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் தபீதாளைச் சுட்டது. தப்பாகப் பேசியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள். இனிக் கேசரியின் பெயரைச் சொல்லி ஒரு பைசா கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இன்னும் மூன்றே நாள்தான் என்ற தைரியமும் இருந்தது. கேசரிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, அவள் வீட்டில்தான் இருந்தது. கொஞ்சம் விந்தி விந்தி நடந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாவலூரிலிருந்து சத்யபிரியா வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. சத்யபிரியா ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பூனைக்குப் படுக்கை, பால்கனிக்கு வலை என்று எல்லாம் வாங்கிவைத்துவிட்டுத் தினம் போனில் “என்ன பண்றா ஆன்ட்டி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேசரி சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் தபீதாள் அதன் காதைத் தொட்டாள். கொதித்தது.

ஜெர்சனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஜெர்சன்தான் குழுவின் அட்மின். கேம்ப் ரோடு பக்கம் மெக்கானிக் கடை வைத்திருந்தான், கூப்பிட்டால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி வருவான். ஆனால் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், போனால் பில் வரும், பில் வந்தால் ஏழாவது தடவை. தபீதாள் ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தாள். அதில் காய்ச்சல் மாத்திரை இருந்தது. பிள்ளைகள் சின்ன வயதில் அனலாய்க் கொதித்தபோதெல்லாம் பாதி மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தவள் அவள். விடிந்தால் இரண்டும் எழுந்து விளையாடும். பிள்ளைக்கு ஆகாதது எதுவும் அதில் இல்லை, பூனைக்கு மட்டும் என்ன?

மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். பாதியை நசுக்கித் தண்ணீரில் கரைத்துச் சிரிஞ்சில் எடுத்தாள். மற்றப் பூனைகளுக்கு மருந்து கொடுப்பதென்றால் துண்டில் சுற்றி அமுக்க வேண்டும், கை கிழிந்துவிடும். கேசரி அப்படியில்லை. ஆறு வாரமாக வேளை தவறாமல் மருந்து கொடுத்த கை அது என்று அதற்குத் தெரியும். தானாகவே வாயைத் திறந்தது.

“சமர்த்து” என்றாள் தபீதாள். மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து தடவிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று பள்ளியில் அரை நாள்தான். ஒரு மணிக்கு வீடு திரும்பியவளுக்குக் கதவைத் திறந்ததுமே சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கேசரி வழக்கமான மெத்தையில் இல்லை, குளியலறையின் ஈரத் தரையில் படுத்திருந்தது. முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. முன்னங்கால்களும் உப்பியிருந்தன. எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு காப்பி டிகாக்‌ஷன் போலப் பழுப்பாக இருந்தது. தபீதாள் போனை எடுத்து ஜெர்சனைக் கூப்பிட்டாள்.

ஜெர்சன் பத்து நிமிஷத்தில் வந்தான். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பைக்கின் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். “பயப்படாதீங்க அக்கா. உங்க கை பட்டது எதுனா போயிருக்குதா? இதுவும் பொழச்சிக்கும்.”

டாக்டர் சுப்ரமணியன் கேசரியை மேஜைமேல் கிடத்தி, ஈறைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மூச்சு வாங்கிற்று அதற்கு. அவர் நிமிர்ந்து தபீதாளைப் பார்த்துக் கேட்டார்:

“மனுஷங்க சாப்பிடற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை?”

அறையில் ஜெர்சன் இருந்தான். கம்பவுண்டர் இருந்தார். நாய்க்குட்டியோடு வாசலில் நின்ற ஒரு தம்பதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்சன் முந்திக்கொண்டு சிரித்தான். “டாக்டர், யார்கிட்ட கேக்கிறீங்க? எங்க தபீதா அக்கா சார் இது. அதெல்லாம் புச்சா வர்றவங்க பண்ற வேலை.”

“இல்ல டாக்டர், எதுவும் குடுக்கல” என்றாள் தபீதாள்.

சொன்னவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாதி மாத்திரைதான் என்று டாக்டர் கேட்ட கேள்வியிலேயே இருந்தது. இருந்தும் வாய் பொய்யைச் சொல்லிவிட்டது. அது யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. பத்தொன்பது பூனைகளின் பெருமை அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டு தானே பேசியது. அந்த நேரத்தில் அந்தப் பெருமையைத் தூக்கிக் குப்பையில் எறிந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஒன்றும் இல்லை. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், என்ன செய்ய!

“அப்போ பூச்சிக்கடியா இருக்கலாம். பாம்பாக்கூட இருக்கலாம், சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அவர் முகத்தில் திருப்தி இல்லை. ஆக்ஸிஜன் வைத்தார். அலர்ஜிக்கு ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். பூச்சிக்கடிக்கு என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் நடந்தது. தபீதாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி ஆயிற்று. உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள், கம்பவுண்டர் “உக்காருங்கம்மா” என்றதும் உட்கார்ந்துவிட்டாள். நாலு மணி ஆயிற்று. ஊசியிலேயே சரியாகிவிட்டால் சொல்லத் தேவையே இருக்காது என்று நினைத்தாள். கர்த்தாவே, சரியாக்கிவிடும் என்று ஜெபித்தாள். தான் கேட்பது கேசரியின் உயிரையா, தன் மானத்தையா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஜெபம் பாதியில் நின்றுபோயிற்று.

ஐந்தரைக்கு ஜெர்சன் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “நானே க்ரூப்ல போட்டுட்டேன் அக்கா. நீங்க இருக்கிற இருப்புல உங்கள இன்னாத்துக்குப் பேஜார் பண்றதுன்னு. பாருங்க, பத்து நிமிசம் கூட ஆவல, துட்டு வந்துகினே கீது.” போனை நீட்டினான். “மொதல்ல போட்டது யாரு தெரியுமா? நம்ம லோகநாதன் அண்ணன்.”

லோகநாதன் பணத்தோடு ஒரு வரியும் எழுதியிருந்தார். ‘பாவம் வாயில்லா ஜீவன். எவ்ளோ ஆனாலும் பாருங்க மேடம்.’

தபீதாள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். கேட்பதற்குக் கூசித்தானே பாதி மாத்திரைக்குப் போனாள்? கேட்டிருந்தால் இந்த மனுஷனே முதலில் கொடுத்திருப்பார். எழுந்து, கம்பவுண்டர் சொன்னதைக் காதில் வாங்காமல் உள்ளே போனாள்.

“டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். காலையில ஏழு மணிக்குக் காய்ச்சல் மாத்திரை குடுத்தேன். பாதி.”

சுப்ரமணியன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். முறிவு மருந்தின் பெயரை ஒரு சீட்டில் வேகமாக எழுதி ஜெர்சனிடம் நீட்டினார். “இது மனுஷங்களுக்குக் குடுக்கற மருந்துதான். பெரிய மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். இருக்கற எல்லாத்தையும் வாங்கிட்டு வா. ஓடு.”

ஜெர்சன் ஓடினான். சனிக்கிழமை சாயங்காலம், தாம்பரத்தில் வண்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மூன்றாவது கடையில்தான் மருந்து கிடைத்தது. அவன் திரும்பி வந்தபோது ஆறே முக்கால். மருந்தை ஏற்றினார்கள். ஏழு மணி சுமாருக்குக் கேசரி தலையைத் தூக்கி, வாயைத் திறந்தது. தபீதாள் குனிந்து அதன் பெயரைச் சொன்னாள். அது மூச்சுக்காகத் திறந்த வாய். பிறகு மூடவில்லை.

“ரெண்டு மணிக்கே சொல்லியிருந்தா பொழச்சிருக்குமா டாக்டர்?”

அவர் கையுறையைக் கழற்றினார். “சத்தியமா சொல்ல முடியாதும்மா. ஆனா அதுக்கு நாலு மணி நேரம் கெடச்சிருக்கும்.”

வெளியே வந்ததும் ஜெர்சன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அக்கா, இதை யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. உள்ள வைத்தியத்துல நம்ம பூனை இன்னும் மூணு கீது. நம்ம கையாலயே சாவடிச்சோம்னு தெரிஞ்சா எவன் துட்டுப் போடுவான்? உடம்பு முடியாம பூட்ச்சின்னு நான் போட்டுடறேன்.” சாவியைத் திருகிவிட்டு மறுபடி நிறுத்தினான். “நானும் உங்கள நம்பித்தானே அக்கா அப்டி சொன்னேன் உள்ள.”

ஞாயிற்றுக்கிழமை தபீதாள் ஆராதனைக்குப் போகவில்லை. கோயில் மணி வீட்டுக்குக் கேட்டது. போனில் ஆறுதல்கள் வந்துகொண்டே இருந்தன. ‘நீங்கள் ஒரு தாய்.’ ‘உங்கள் மடியில் போனது அதன் பாக்கியம்.’ தோத்தாத்ரி சார் நீளமாக எழுதி, அடுத்த பூனைக்குத் தான் பெயர் வைக்கப் போவதில்லை, அந்த உரிமை தபீதாளுக்கே என்று முடித்திருந்தார். அத்தனையும் முள்ளாகக் குத்தியது. பதினோரு மணி வரை பொறுத்தாள். பிறகு எழுதினாள்.

‘கேசரி நோயால் சாகவில்லை. நான் கொடுத்த காய்ச்சல் மாத்திரையால் செத்தது. பாதி மாத்திரைகூடப் பூனைக்கு விஷம். டாக்டர் கேட்டபோது கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். நாலு மணி நேரம் கழித்துத்தான் சொன்னேன். யாரும் என்னை மாதிரி செய்யாதீர்கள்.’

அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம் கழித்து அவள் எழுதியது காணாமற்போனது. அந்த இடத்தில் அட்மின் நீக்கிவிட்டதாக ஒரு வரி நின்றது. ஜெர்சனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. ‘மூணு பூனை அக்கா. மன்னிச்சுக்கோங்க.’ அதற்குக் கீழே குழுவில் யாரோ ஒரு மலர்வளையப் படம் போட்டார்கள்.

அவள் மறுபடி எழுத ஆரம்பித்தபோது போன் அடித்தது. சத்யபிரியா. இந்நேரம் கேசரியை அழைத்துப் போக வந்திருக்க வேண்டியவள். திட்டப் போகிறாள் என்று தபீதாள் நினைத்தாள். திட்டட்டும், யாராவது ஒருத்தராவது திட்ட வேண்டும்.

“ஆன்ட்டி, டெலீட் ஆகறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன்.” அந்தப் பெண்ணின் குரல் அடங்கியிருந்தது. “போன வருஷம் எங்க வீட்டுல ஒரு பூனை இருந்துது. மிட்டு. காய்ச்சல்னு நான்தான் மாத்திரை குடுத்தேன். கால் வாசிதான். அன்னிக்கு ராத்திரியே போயிட்டா. வயசாயிடுச்சு, அதான்னு அம்மா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அதனாலதான் செத்தாளா ஆன்ட்டி?”

தெரியலம்மா என்று சொல்லலாம். அது பெரிய பொய்கூட ஆகாது. இருபத்தைந்து வயதுப் பெண், தெரியாமல் செய்தது, ஒரு வருஷமாக நிம்மதியாக இருந்தது. சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது?

“முகம் வீங்கியிருந்துதாம்மா?” என்று கேட்டாள் தபீதாள்.

“ஆமா.”

“ஈறு பழுப்பா இருந்துதா?”

“ஆமா ஆன்ட்டி.”

“அதனாலதாம்மா” என்றாள் தபீதாள்.

அந்தப் பக்கம் அழுகை தொடங்கியது. இந்தப் பக்கமும்தான். இருவரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை.