அப்பா விழுங்கிய மாதிரி

என் அப்பாவுக்குப் பேருந்து ஓட்டத் தெரியும். என் பொறுமையைச் சோதிக்க அதைவிட நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் போட்டி நாளன்று காலையிலா எங்கள் மாதிரி அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார்?

உலக சுகாதாரத்தை மேம்படுத்த மாணவர்கள் யோசனை சொல்லும் போட்டி அது. மருந்தாளுநர் படிப்பில் என்னோடு இருப்பவள் 'வக்கீல்', வாய் அப்படி. எங்கள் யோசனை சின்னது. கடையில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தால், பெயரும் காலாவதித் தேதியும் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் இரண்டையும் அச்சிட வேண்டும். ஜெயித்தால் ஒரு மருந்து கம்பெனி அதைச் செய்து பார்க்கும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"தலைவலிம்மா, ரெண்டு போட்டேன். இனிப்பா இருந்துச்சு."

"அது மிட்டாய்ப்பா! ஒவ்வொண்ணுக்கும் பின்னால பேர் வர்ற இடத்துல 'மாதிரி, மருந்து இல்லை'ன்னு போட்டிருக்கோமே!"

"அதுவா? ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. ஆனா தலைவலி போயிடுச்சு."

கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

"காலிக் குழிய கட்டைவிரலால மறைச்சுப் பிடி, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் வக்கீல், அரங்கத்து வாசலில்.

எனக்கோ வேறொன்று உறைத்தது. மாத்திரை அதிகம் போடுவது அப்பா வயதுக்காரர்கள். அவர்களால் படிக்க முடியாத எழுத்தை எத்தனை இடத்தில் அச்சிட்டு என்ன பயன்? பேனாவை எடுத்தேன். இடத்தை அடைத்திருந்த கம்பெனி முத்திரை, முகவரி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பெயரையும் தேதியையும் மட்டும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிப் பாதி அட்டையில் ஒட்டினேன்.

மேடையில் அப்பா கதையை ஒன்று விடாமல் சொன்னேன். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டாள். தலைமை நடுவரான டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எனக்கும் எறும்புதான். அந்தப் பக்கம் நல்லா தெரியுது" என்றார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். வக்கீல் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து, கம்பெனி மிட்டாய் வைத்து அச்சிட்ட முதல் மாதிரி வீட்டுக்கு வந்தது. ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி இல்லாத அப்பாவிடம் நீட்டினேன்.

"மாதிரி, மருந்து இல்லை" என்று தடங்கல் இல்லாமல் படித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பா!"

"அதான் மருந்து இல்லைன்னு தெளிவா எழுதியிருக்குல்லம்மா."