முப்பத்தோரு வளைவுகள்

மலைக்குப் போவது என்று முடிவான நாளிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஒரு முனையில் சாலை வரைபடம், மறுமுனையில் குட்டி எழுதிய பட்டியல்கள், நடுவில் கொழுந்தன் கொண்டுவந்து போட்ட திரைத்துணிகள். எல்லாரும் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டார்கள். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டல் வேண்டாம் என்று முதலில் சொன்னது குட்டிதான். பதினோரு வயது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலை உச்சியில் இருக்கும் ஊரின் ஏரிக்கரை முகாமில் ஐந்து நாள் தங்குவது என்று ஏற்பாடு. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே இருக்கும் பரண் படுக்கை தனக்குத்தான் என்று அவள் காகிதத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். கொழுந்தன், அதாவது குட்டியின் சித்தப்பா, தையற்காரன். வண்டியில் ஏற்கெனவே திரை இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. "அண்ணி, வாடகை வண்டித் திரையில யார் யார் மூக்கத் தொடச்சாங்களோ" என்று சொல்லி, ஜன்னலைக் கண்ணால் பார்க்காமலேயே ஆறு திரை தைத்து முடித்துவிட்டான்.

ஓட்டப்போவது குட்டியின் அப்பா. பதினாறு வருஷமாக ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். "மலைன்னா என்ன? ரோடு கொஞ்சம் எழுந்து நிக்குது, அவ்வளவுதானே" என்பான். ஆனால் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிய ஈரத்தோடு வரைபடத்தின் முன் உட்கார்ந்துவிடுவான். அடிவாரத்திலிருந்து உச்சிவரை முப்பத்தோரு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றாக விரல் வைத்து, உதடு அசைய, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல் ஏறுவான், பிறகு இறங்குவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியின் அம்மா அவனுக்குக் காபி கொண்டுவந்து இடது பக்கம் வைத்தாள். "இந்தாங்க காபி" என்றும் சொன்னாள். அவன் வரைபடத்தைத் திருப்பக் கையை வீசினான். தம்ளர் பறந்து சுவரில் அடித்தது. திரைத்துணியெல்லாம் காபி.

"இத யாரு இங்க வச்சது?"

குட்டி சிரித்தாள். "நேத்தும் இப்படித்தான்ம்மா. என் தண்ணி பாட்டில அப்பா தட்டிவிட்டுட்டாரு. முந்தாநாள் என்மேலயே மோதிட்டாரு."

கொழுந்தன் துணியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். கணவனும் சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை செய்பவள். நாள் முழுதும் ஆட்களை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, வில்லை மாற்றி மாற்றி "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பதே பிழைப்பு. அந்தத் தொழில் புத்தி சட்டென்று விழித்துக்கொண்டது. மூன்று மாதமாக அவன் தோளில் மாறி மாறி வரும் கன்றல். கதவு நிலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னான். வேனின் பக்கக் கண்ணாடி இரண்டு தரம் உடைந்து மாற்றியது. சந்து குறுகல் என்றான். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் கண்ணைத் திருப்பாமல் கழுத்தையே திருப்பும் புதுப் பழக்கம். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோது, அவனுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லையோ என்று பட்டது.

தரையைத் துடைக்கும் சாக்கில் அவன் பின்னால் போய் நின்றாள். அவன் வரைபடத்தில் ஆழ்ந்திருந்தான். அவள் தன் விரலை அவன் காதுக்கு நேராக நீட்டி ஆட்டினாள். அசைவில்லை. கன்னத்தருகே கொண்டுவந்தாள். ஒன்றுமில்லை. விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு முன் வந்த பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"என்னது, ஈயா?"

"ஆமாங்க, ஈ" என்றாள். வலது பக்கமும் அதே கதைதான் என்பதைக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஈயை ஓட்டித் தெரிந்துகொண்டாள்.

புதன்கிழமைகளில் கடைக்கு ஒரு கண் டாக்டர் வருவார். அந்தப் புதன் கூட்டம் குறைந்ததும் அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"டாக்டர், ஒருத்தருக்கு நேர் பார்வை நல்லா இருக்கு. பலகையில கடைசி வரி வரைக்கும் படிக்கிறாரு. ஆனா பக்கத்துல விரலக் காட்டினா தெரியல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கலாம். ஓரத்துலேருந்து சுருங்கிட்டே வரும். வலிக்காது, மங்காது. நடுவுல தெரியறதால ஆளுக்கே பிடிபடாது. போன பார்வை திரும்பாதும்மா. வண்டி ஓட்டறவரா?"

"இல்ல" என்றாள். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்த மட்டும் பிழைச்சாங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

போன வருஷம் அதே நாற்காலியில்தான் அவனை உட்கார்த்திப் பார்த்தாள். கடைசி வரியைக் கடகடவென்று படித்தான். "என் கண்ணுக்கு என்ன குறைச்சல்" என்று மீசையை முறுக்கினான். ஊரான் கண்ணையெல்லாம் பார்த்தவள், கட்டினவன் கண்ணைக் கோட்டை விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினாள். அவன் குட்டியோடு உட்கார்ந்து முகாமில் என்ன சமைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, கண்ணு ஒரு தடவை பாத்துடலாமா? போறதுக்கு முன்னாடி?"

"நீதானே பாத்தே. கடைசி வரி வரைக்கும் படிச்சேனே!"

அவன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சொன்னால் சாவியைப் பிடுங்கியதாகும். பதினாறு வருஷமாக அந்தச் சாவியில்தான் அவன் நிமிர்ந்து நடந்தான். சொல்லாவிட்டால்? முப்பத்தோரு வளைவும் அவள் கண்முன் வந்து நின்றன. கடையில் யாரோ ஒருவருக்கு வில்லை மாற்றிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தின் விளிம்பு தெரியும். பரண் படுக்கையில் குட்டி கால் ஆட்டுவது தெரியும். வில்லை கைநழுவிக் கீழே விழும். வியாழன் போனது. வெள்ளி போனது. காலையில் அவன் வேனைக் கிளப்பிக்கொண்டு போனால் மாலையில் ஹாரன் கேட்கும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை.

சனிக்கிழமை காலை கேரவன் வாடகைக்காரர் ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார். புதிதாக எடுப்பவர்கள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டாமல் அவர் வண்டியைத் தரமாட்டார். கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்ததும் கொழுந்தன் வாய் பிளந்தான். "அண்ணி, இது வண்டியில்ல, வீடு. வாசல்ல கோலம்தான் பாக்கி."

வாடகைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது நல்ல தண்ணி. இது அழுக்குத் தண்ணி. மாத்திடாதீங்க, போன மாசம் ஒருத்தர் மாத்திட்டாரு, அத நான் சொல்ல விரும்பல." பிறகு குரலை மாற்றினார். "சார், பின்பக்கம் நீளம். நீங்க இந்தப் பக்கம் திருப்பினா அது அந்தப் பக்கம் வீசும். பக்கத்துல என்ன இருக்குன்னு எப்பவும் பாத்துட்டே இருக்கணும். கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கணும்."

"குட்டி, நீ சித்தப்பாவோட இங்கயே இரு" என்றாள். குட்டி அதற்குள் உள்ளே ஏறிப் பெல்ட் மாட்டியிருந்தாள். இறங்கச் சொன்னதற்கு ஆயிரம் கேள்வி கேட்டாள், இறங்கவில்லை. கொழுந்தன் தன் திரைகளை ஜன்னலில் பிடித்து அளந்து பார்க்க வெளியிலேயே நின்றுவிட்டான். அத்தனையும் ஒரு சாண் குட்டை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாடகைக்காரர் கொட்டகை வாசலிலிருந்தே கையசைக்க, வண்டி கிளம்பிவிட்டது.

கொட்டகைக்குப் பின்னால் சின்னக் குன்று. ஆள் நடமாட்டமில்லாத ஏற்றம். அவள் முன்சீட்டில் கணவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள். முதல் வளைவு நன்றாகத் திரும்பினான். இரண்டாவதும். "பாத்தியா" என்றான். நெற்றியில் வியர்வை ஓடியதை அவள் பார்த்தாள்.

மூன்றாவது திருப்பத்துக்கு முன் வலப்பக்கச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார். அவன் முகத்தைத் தாண்டி அவள் கண்ணுக்கு அவர் தெளிவாகத் தெரிந்தார்: தலையில் தொப்பி, ஹாண்டிலில் தொங்கிய பை, வண்டியைப் பார்த்து உயர்ந்த கை. கணவன் முகத்தில் சலனமே இல்லை. அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ! ஆளு! ஆளு!"

பிரேக் அலறியது. அலமாரியெல்லாம் படபடவென்று திறந்தன. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய, மனிதர் மறுபக்கம் புல்லில் விழுந்தார். பின்னால் குட்டி "அம்மா" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

அவள் இறங்கி ஓடினாள். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, முழங்கையைத் தடவிக்கொண்டே, அவள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டத் தொடங்கினார். அவ்வளவு திட்டும் அளவுக்கு அவர் முழுசாக இருந்ததில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். அவர் திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கணவன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அப்படியே இருந்தான்.

"நான் பாக்கலம்மா" என்றான். "சத்தியமா அங்க யாரும் இல்ல. எனக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

"தெரியும்" என்றாள். "போன ஞாயித்துக்கிழமைலேருந்து தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

அவன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான், முழுக் கழுத்தையும் திருப்பி. "எனக்கு ஆறு மாசமாத் தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரொட்டி போடற தெரு எல்லாம் மனப்பாடம். எங்க திண்டு, எங்க கம்பம், எல்லாம் தெரியும். அதனால ஓட்டிட்டேன். இந்த மலைய மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா போதும்னு நெனச்சேன். எந்த வளைவு எந்தப் பக்கம், அதுக்கப்புறம் எவ்வளவு தூரம், எல்லாம் வந்துடுச்சு. ஆனா ரோட்டுல மனுஷன் வருவானே, அத எந்த மேப்புல போட்டிருக்கான்?" ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தட்டினான். "வேலை போயிடும்னு பயந்தேன். அதைவிட நீ அந்த நாற்காலியில உக்கார வச்சு ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

ஆறு மாதம். ஆறு மாதமாக அவன் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டிருக்கிறான். அவளுக்கு அடிக்க வேண்டும்போல் வந்தது, அழவும் வந்தது. இரண்டையும் செய்ய அது இடமில்லை.

"இறங்குங்க" என்றாள். "இந்தப் பக்கம் வாங்க."

"நீயா? நீ கடைத்தெருவுக்கே ரெண்டு தரம் யோசிச்சுத்தானே கார எடுப்பே?"

"வேற யாரு இருக்கா?"

சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சாலை எங்கோ கிணற்றுக்கடியில் இருப்பதுபோல் தெரிந்தது. வண்டியைத் திருப்பவே கால் மணி நேரம் பிடித்தது. அவன் கியரும் வேகமும் சொன்னான். குட்டி பின் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு "இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் யாரும் இல்ல" என்று கத்தினாள். நடந்து போகிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். கொட்டகை வாசலில் நின்றபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. டாக்டர் சொன்னதுதான். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். தினமும் சொட்டு மருந்து, பிறகு ஒரு சின்ன அறுவை. ஓட்டுநர் உரிமத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். ரொட்டிக் கம்பெனியில் முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் வேன்களில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு மேற்பார்வையாளராக்கினார்கள். எந்தத் தெருவில் எத்தனை தட்டு என்று அவனைவிடத் தெரிந்தவன் அங்கே யாருமில்லை. ஆனாலும் சில மாலைகளில் வாசலில் நின்று போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் கூப்பிட மாட்டாள்.

பயணத்தை விட்டுவிடலாம் என்று கணவன் சொன்னான். குட்டி தன் கையெழுத்துக் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறுதோறும் வாடகைக்காரரின் கொட்டகைக்குப் போய் அதே குன்றில் ஏறி இறங்கிப் பழகினாள். பழகப் பழகப் பயம் குறையும் என்றார்கள். குறையவில்லை. பயத்தோடு திருப்பக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான்காம் மாதம் கிளம்பினார்கள். அடிவாரத்தில் ஒரு இரவு தங்கி, விடிந்து பனி விலகிய பிறகு ஏறினார்கள். மூன்று மணி நேரம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரனிலேயே ஆசி வழங்கின. கொழுந்தன் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்து, தெரியாத சாமிகளுக்கு வந்திருந்தான். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வரைபடம்கூட இல்லாமல், "அடுத்தது இடது. நீளமா வரும். மெதுவா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திய பிறகும் அவள் விரல்கள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். குட்டி குதித்து இறங்கித் தண்ணீரை நோக்கி ஓடினாள்.

"ஏறியாச்சு பாத்தியா" என்றான் அவன்.

"ஏறியாச்சு." அவள் பக்கக் கண்ணாடியில், வந்த வழி மலைக்குள் முறுக்கிக்கொண்டு மறைவதைப் பார்த்தாள். "அஞ்சு நாள் கழிச்சு இறங்கணுமேங்க."