இரண்டாவது விசில்

1

உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கதை எனக்காத் தோணினது இல்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, "நிலக்கரிச் சுரங்கத்துல சங்கம் கட்டினவங்களப் பத்தி ஒரு கதை குடுங்க சார்" என்றார். குப்பம் பக்கம் சாந்திபுரத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்க ஊர்ல கரின்னா இஸ்திரி வண்டியில இருக்கிறதுதான். கல் குவாரி வேணா இருக்கு, எழுதட்டுமா என்றேன். சங்கம் இருக்குமில்ல, அது போதும் என்றார்.

2

முதல் ஆரம்பம்: "செங்கதிர் எழும் வேளையில், புரட்சிப் பெண் செங்கம்மா தன் கரங்களை உயர்த்தி..."

சீ. அடிச்சிட்டேன். செங்கம்மாக்கா படிச்சா வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கும்.

இரண்டாவது ஆரம்பம்: "செங்கம்மா குவாரியில் ஜல்லி அள்ளினாள். அவள் புருஷன் கருப்பன் அங்கேயே டிரில் ஓட்டினான். கல்லைத் துளைக்கும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும். முதலாளி விடவில்லை. கருப்பன் இருமினான்."

இது தேவலை. கதையே இந்தத் தண்ணிக்காகத்தான், மறந்துடாதீங்க.

3

சங்கம் எப்போ கூடும்? வேலை நேரத்துல வாயைத் திறந்தா மேஸ்திரி கத்துவார். சாயங்காலம் ஆளாளுக்கு ஆட்டோ புடிச்சி ஓடிடுவாங்க. அக்கா கண்டுபிடிச்சது, பாறைக்கு வெடி வைக்கிற வேட்டு நேரம். முதல் விசில் ஊதினா எல்லாரும் பள்ளத்தை விட்டு ஏறி, எடைமேடை ஷெட்டுக்குப் பின்னால ஒதுங்கணும். வேட்டு வெடிச்சி, இரண்டாவது விசில் ஊதுற வரைக்கும் முதலாளியே வந்தாலும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்த இருபது நிமிஷம்தான் எங்க சங்கம்.

[‘எங்க’ன்னு எழுதிட்டேனா? இருக்கட்டும், அப்புறம் சொல்றேன்.]

4

ஒரு செவ்வாய்க்கிழமை, வேட்டுக்கு முன்னால, அக்கா விசில்காரனிடம் வந்தது.

"ஸ்டிரைக்குன்னா மொதலாளி நாளைக்கே வேற ஆள எடுத்துக்குவான். இன்னிக்கி நீ ரெண்டாவது விசில ஊதாத. நீ ஊதல, நாங்க எறங்கல. எங்க மேல இன்னா தப்பு?"

"எம் மேல தப்பாயிடுமேக்கா."

"ஆமா, ஒம் மேலதான். அதாம்ப்பா வந்து கேட்டுக்கினு நிக்கறேன். தண்ணி லைன் போடறேன்னு அவன் வாயால சொல்ற வரிக்கும் ஊதாத."

இந்த விசில்காரனை எனக்குப் பிடிக்கவே இல்லை. நழுவுற ஆசாமி. என்ன பேர் வைக்கலாம்? ரங்கன்? சுரேஷ்பாபு? சரி, விடுங்க. கோபிகிருஷ்ணன். இந்தக் கதையை எழுதிக்கினு இருக்கிறவன் பேரும் அதுதான்.

5

முடிவு அ: ஊதவில்லை. முதலாளி குதிகுதியென்று குதித்தார். சாயங்காலத்துக்குள் குழாய் வந்து இறங்கியது.

முடிவு ஆ: ஜீப் வந்தது. முதலாளி கீழே கூட இறங்கல, கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். ஊதிட்டேன். அக்காதான் முதல்ல எழுந்து, புடவையைத் தட்டிக்கினு பள்ளத்துல இறங்கிச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னிக்கும் தாங்கல.

தண்ணி வந்துச்சு. அக்கா விடாம கூட்டம் போட்டு, ரெண்டு வருஷம் கழிச்சி. அதுக்குள்ள கருப்பண்ணனால டிரில்லைத் தூக்க முடியல. இப்போ கட்டில்லேருந்து கொழாவுக்குப் போக மூணு இடத்துல நிக்கிறாரு.

6

முடிவு அ-வை அக்காவுக்குப் போன்ல படிச்சிக் காட்டினேன். சிரிச்சிது.

"நல்லாத்தான் எழுதிக்கினு கீற. நீ ஊதலன்னா இவுரு இந்நேரம் எந்திரிச்சி வந்து, எங்கையில கீற போனப் புடுங்கிப் பேசணுமே? அதையும் எழுதுப்பா."

பின்னால இருமல் கேட்டது. அதை எழுத எனக்குக் கை வரல.

7

அதனால இங்கேயே நிறுத்திக்கறேன். வேட்டு வெடிச்சாச்சு. எல்லாரும் ஷெட்டுக்குப் பின்னால உட்கார்ந்திருக்காங்க. கருப்பண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து களி துன்னுக்கினு இருக்காரு. அக்கா என்னையே பார்க்குது. ஜீப் வர்ற சத்தம் கேக்குது.

இந்தாங்க, விசிலை நீங்க புடிங்க. ஈரமா இருக்கும், தொடச்சிக்குங்க. முதல் விசில் நான் ஊதினது.